மூடாத முக்கோணம்

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில், கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேசியவர்கள் பலரும் தங்கள் துறையில் பல ஆண்டுகள் உழைத்துத் தேர்ந்தவர்கள். நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பவள். நூலகர் ஐயா கூப்பிட்டபோது அதைத்தான் சொன்னேன். "கத்து முடிச்சவங்களுக்கு எப்படிக் கத்துக்கிட்டோம்கிறது மறந்துபோயிருக்கும்மா. உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கும், வந்து பேசு" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி வந்திருக்கிறேன். நிரல் எழுதக் கற்றதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முதலில் கற்காமல் போனதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் முதல் பருவத்தில் எங்களுக்கு சி மொழி. லேப் உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு. இடப்பக்கம் பென்சிலில் ஃப்ளோசார்ட், வலப்பக்கம் பேனாவில் புரோகிராம். வாரம் ஒன்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பகா எண், ஃபிபனாச்சி, மேட்ரிக்ஸ் பெருக்கல் என்று பதினைந்து புரோகிராம்களையும் நான் மனப்பாடம் செய்தேன். அடைப்புக்குறி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்பது வரை கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். அவற்றில் ஒன்று நட்சத்திரப் பிரமிடு. முதல் வரியில் ஒரு நட்சத்திரம், அடுத்த வரியில் மூன்று, அதற்கடுத்து ஐந்து என்று கோபுரம்போல விரிந்துகொண்டே வரும். வெளியே ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, அதற்கு ஐ. உள்ளே ஒரு லூப், அதற்கு ஜே.

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது தலைகீழ்ப் பிரமிடு. தெரிந்த புரோகிராமை அடித்தேன், கோபுரம் நேராக வந்தது. கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல் போட்டுப் பார்த்தேன், திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி மாற்றினேன், நட்சத்திரங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தன. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பின்னால் நின்று, கோபம் இல்லாமல்தான் கேட்டார்: "இந்த ஜே எதுக்கும்மா இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பருவம் முழுக்க அந்த ஜேயை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது எதற்கு இருக்கிறது என்று ஒருநாளும் எனக்குள் கேள்வி எழவில்லை. அந்தப் பாடத்தில் அரியர் விழுந்தது.

யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. ஒரே லேபில் அறுபது பேரை வைத்துக்கொண்டு, பதினைந்து வாரத்தில் பாடத்திட்டத்தை முடிக்கும் ஆசிரியர் வேறு என்ன செய்வார்? ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தப் பருவம் முழுவதும் நான் எழுதிய எதையும் நான் விரும்பி எழுதவில்லை. பிரமிடு எனக்கு வேண்டியிருக்கவில்லை, பகா எண்ணும் வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துத்தான் வேண்டியிருந்தது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. பேட்டரி நிற்காது, சார்ஜரைச் செருகியேதான் வைத்திருக்க வேண்டும். அரியருக்குப் படிக்க அதைத் திறந்தால், ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "சித்தி, கேம் போடு" என்று விடமாட்டேன் என்கிறாள். அதில் கேம் எதுவும் இல்லை, பைத்தான் இருந்தது. பைத்தானுக்குள் டர்டில் என்று ஒன்று உண்டு என்று விடுதியில் ஓர் அக்கா எப்போதோ சொல்லியிருந்தார். அதைத் திறந்தேன். வெள்ளைத் திரையின் நடுவில் சின்னதாக ஓர் அம்புக்குறி நின்றது. அதை ஆமை வடிவத்துக்கு மாற்றலாம், மாற்றினேன். 100 அடி முன்னே போ என்றால் கோடு இழுத்துக்கொண்டே போகும். 90 பாகை வலப்பக்கம் திரும்பு என்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். கேமைப் பற்றிய பேச்சு அத்தோடு நின்றுபோனது.

சதுரம் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது. நான்கு முறை முன்னே, நான்கு முறை 90. அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்னே 100, வலம் 60, இதை மூன்று முறை என்று போட்டோம். ஆமை மூன்று கோடு போட்டுவிட்டு நின்றது, முக்கோணம் மூடவில்லை. ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டு என்னவோ ஒரு வடிவம்.

லேபாக இருந்திருந்தால் நான் பதறி அழித்திருப்பேன். அவளோ கைதட்டினாள். "சித்தி, வில்லு! நாண் மட்டும்தான் இல்ல." உண்மையிலேயே வில்தான். அதே மூன்று வரிகளை இன்னொரு முறை ஓடவிடச் சொன்னாள். வில்லுக்கு எதிரே இன்னொரு வில் வந்து ஒட்டிக்கொண்டு அறுகோணம் ஆனது. "தேன்கூடு" என்றாள். முக்கோணம் கேட்டோம், தேன்கூடு கிடைத்தது. சரி, ஏன்?

அந்த 'ஏன்' எனக்குப் புதிது. லேபில் ஒரு தவறு வந்தால் அதை எப்படி மறைப்பது என்றுதான் யோசித்திருக்கிறேன். அது ஏன் வந்தது என்று பார்க்க ஆசைப்பட்டதே இல்லை. அவளைக் கூடத்தில் நிறுத்தி, "நீதான் ஆமை, கையை நேரா நீட்டிக்க, நட" என்றேன். தரையில் சாக்பீசால் ஒரு முக்கோணம் போட்டுவைத்தேன். முதல் பக்கம் நடந்து மூலைக்கு வந்தாள். அடுத்த பக்கத்தைப் பார்க்கத் திரும்பியபோது அவளுடைய கை வெகுதூரம் சுற்றி வந்தது. சுவரைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, நின்றவள் கிட்டத்தட்டப் பின்னால் பார்த்தாள். அறுபது பாகை என்பது முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிற கோணம். நடக்கிறவர் திரும்பவேண்டியதோ மிச்சம் இருக்கிற 120. புறக்கோணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்து, மதிப்பெண்ணும் வாங்கிய விஷயம். அது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் ஒரு குழந்தையின் கை சுற்றியதைப் பார்த்து.

இப்படித்தான் நடக்கும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சீமோர் பேப்பர்ட். 1928-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த கணித அறிஞர். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜீன் பியாஜேயோடு ஜெனீவாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனார். 1967-ல் அவரும் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோரும் சேர்ந்து குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். ஒரு கணினி ஓர் அறை அளவு இருந்த காலம், நினைவில் வையுங்கள். தொடக்கத்தில் லோகோவில் ஆமை கிடையாது, சொற்களையும் வாக்கியங்களையும் வைத்துத்தான் விளையாட்டு. ஆமை கொஞ்சம் பின்னால் வந்தது. முதலில் அது தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் நிஜமான ஓர் எந்திரமாக இருந்தது, அப்புறம்தான் திரைக்குள் போனது. ஆமை என்ற பெயருக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1940-களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற மூளையியல் ஆய்வாளர், வெளிச்சத்தைத் தேடிப் போகும் சின்ன எந்திர ஆமைகளைச் செய்திருந்தார்.

பேப்பர்ட் சொன்ன ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. லெக்சிங்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கு லோகோ வேலையாகப் போய்வந்துகொண்டிருந்தபோது, ஓவிய வகுப்பைத் தினமும் கடந்து போவாராம். அங்கே பிள்ளைகள் சோப்புக் கட்டியைச் செதுக்கிப் பொம்மை செய்துகொண்டிருந்தார்கள். ஒரே பொம்மை, பல வாரங்கள். செதுக்குவது, தள்ளிநின்று பார்ப்பது, பக்கத்தில் இருப்பவனுடையதைப் பார்ப்பது, மறுபடி செதுக்குவது. கணக்கு வகுப்பு ஏன் இப்படி இருக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. கணக்கு வகுப்பில் ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம். சரி அல்லது தவறு, அத்தோடு அது முடிந்துபோகிறது. மறுநாள் அதே கணக்கிடம் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் அழகாக்குவோம் என்று எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை. செய்து கற்பது என்ற அவருடைய எண்ணத்தின் விதையே அந்தச் சோப்புக் கட்டியில் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1980-ல் வெளிவந்த அவருடைய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தின் முன்னுரையில், சின்ன வயதில் தான் பல்சக்கரங்கள்மேல் கொண்டிருந்த பைத்தியத்தைப் பற்றி எழுதுகிறார். சக்கரங்களை மனதுக்குள் சுற்றவிட்டே பிற்பாடு சமன்பாடுகளைப் புரிந்துகொண்டாராம். அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் பல்சக்கரம் வாங்கிக்கொடுங்கள் என்று அவர் முடிக்கவில்லை. அவருக்கு அதன்மேல் காதல் இருந்தது, அதனால்தான் அது கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் பல்சக்கரம் வேறு. கணினி எந்த உருவமும் எடுக்கும் என்பதால், ஒவ்வொருவருடைய பல்சக்கரமாகவும் அது ஆகமுடியும் என்றார்.

என்னுடைய பல்சக்கரம் எங்கள் வீட்டு வாசலில் இருந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தேன்கூட்டைப் பார்த்த அக்கா மகள், "அம்மாச்சி போட்ட கோலம் மாதிரி போடு" என்றாள். அன்றைக்குக் காலை அம்மா வாசலில் போட்டிருந்தது, ஏழு புள்ளி, நான்கு வரை ஊடுபுள்ளி. கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவரிசையில் ஏழு புள்ளி. அதற்கு மேலும் கீழும் ஆறு ஆறு, பிறகு ஐந்து ஐந்து, பிறகு நான்கு நான்கு. ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வரவேண்டும், அதனால்தான் ஊடுபுள்ளி. மொத்தம் 37 புள்ளி. இத்தனையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

கோட்டுக்கு முன் புள்ளி வைப்போம் என்று உட்கார்ந்தேன். வரிசைக்கு ஒரு லூப் வேண்டும். அந்த வரிசைக்குள் புள்ளிகளை வைக்க இன்னொரு லூப் வேண்டும். உள்ளே இருக்கும் லூப் எத்தனை முறை ஓடவேண்டும் என்பதை வெளியே இருக்கும் லூப்தான் சொல்லவேண்டும். இந்த இடத்தில் என் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. ஜே எதற்கு இருக்கிறது என்று அந்தத் தேர்வாளர் கேட்டாரே, அந்த ஜே இதுதான். ஒரு வரிசையில் எத்தனையாவது புள்ளி என்பது ஜே. எத்தனையாவது வரிசை என்பது ஐ. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறுகிறதே, அது நேர்ப்பிரமிடு. ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்குகிறதே, அது எனக்கு வராமல்போன தலைகீழ்ப் பிரமிடு. எங்கள் வாசலில் எத்தனையோ மார்கழியாகக் கிடந்தது அது.

ஆனால் முதல் முறை ஓடவிட்டபோது கோலம் வரவில்லை. எல்லா வரிசையும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வலது பக்கம் மட்டும் சரிந்து ஏறியது. நான் புரோகிராமை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காபி தம்ளரோடு வந்தவர், திரையை எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊடால வைக்கணும்டி. நீ ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கிவச்சிருக்க."

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணினியைத் தொட்டதில்லை. என் நிரலின் பிழையை ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். ஒவ்வொரு வரிசையும் புள்ளி இடைவெளியில் பாதி தூரம் நகர்ந்து தொடங்கவேண்டும், நான் அதை எழுத மறந்திருந்தேன். ஒரே ஒரு வரி சேர்த்தேன். 37 புள்ளிகளும் இடம் பார்த்து உட்கார்ந்தன.

நான் இன்று சொல்லவந்தது முழுவதும் இந்தக் காட்சிக்குள்தான் இருக்கிறது. தவறு கண்ணுக்குத் தெரிந்தால் அதைப் பற்றி யாரும் பேசலாம், ஆறாம் வகுப்புக் குழந்தையும் பேசலாம், அம்மாவும் பேசலாம். தவறு ஓர் அடைப்புக்குறிக்குள் ஒளிந்துகொண்டு, கம்பைலர் துப்பும் ஆங்கில வரியாக மட்டும் வந்தால், கற்பவள் தனியாகிப்போகிறாள். விளையாட்டாகக் கற்பது என்றால் பாட்டும் பொம்மையும் வைத்துக் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். விளையாட்டு என்பது பயம் இல்லாமல் தவறு செய்யக் கிடைக்கும் இடம். பாண்டி ஆடும் பெண் கோட்டை மிதித்தால் ஆட்டம் போகும், அடுத்த முறை வரும். யாரும் அதை மதிப்பெண் பட்டியலில் ஏற்றுவதில்லை.

அம்மாவிடம் அன்று இன்னொன்றும் கற்றேன். புள்ளி வந்தபின் சிக்குக்கோலத்தின் இழையை ஆமையால் போடப்பார்த்தோம். இழையை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அக்கா மகள் போய்க் கேட்டாள். "எங்க ஆரம்பிச்சா என்ன? சுத்திட்டு அங்கயே வந்து சேரணும், அவ்வளவுதான்" என்றார் அம்மா. அபெல்சன், டிசெஸ்ஸா இருவரும் 1981-ல் எழுதிய 'டர்டில் ஜியாமெட்ரி' என்ற கணித நூலில் இதற்கு ஒரு தேற்றமே இருக்கிறது. ஆமை எங்கெங்கோ சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே, புறப்பட்ட திசையைப் பார்த்தபடியே வந்து நின்றால், அது திரும்பிய கோணங்களின் கூட்டுத்தொகை 360-ஆகவோ அதன் மடங்காகவோதான் இருக்கும். (வலம் திரும்பியதைக் கூட்டி இடம் திரும்பியதைக் கழிக்க வேண்டும்.) முக்கோணத்துக்கு 120 மூன்று முறை, 360. ஐந்துமுனை நட்சத்திரத்துக்கு 144 ஐந்து முறை, 720. எங்கள் வில்லுக்கு 60 மூன்று முறை, 180 தான். அதனால் மூடவில்லை. மூடாதது என் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். முதல் தடவையே மூடியிருந்தால் நான் இதையெல்லாம் தேடிப் போயிருக்கமாட்டேன்.

கோலத்தையும் கணினியையும் சேர்த்துப் பேசினால் உடனே ஓர் ஆபத்து வரும், நம் முன்னோர் கணினியை அன்றே அறிந்திருந்தார்கள் என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். நான் அதைச் சொல்லவில்லை, அது உண்மையும் இல்லை. உண்மை அதைவிட நன்றாக இருக்கிறது. தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன், இந்த மூவரும் 1970-களின் தொடக்கத்தில், வாக்கியங்களுக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படங்களுக்கும் இலக்கணம் எழுதமுடியுமா என்று ஆராய்ந்தார்கள். எடுத்துக்காட்டுக்கு அவர்கள் வெளியே எங்கும் போகவில்லை, கோலத்தை எடுத்துக்கொண்டார்கள். வரிசை இலக்கணங்களும் கோலமும் என்ற பொருளில் அவர்கள் எழுதிய கட்டுரை 1974-ல் பன்னாட்டு ஆய்விதழில் வந்தது. அந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. இன்னொரு பக்கம், செடி எப்படி வளர்கிறது என்பதை எழுத்துச் சரங்களால் விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் 1968-ல் ஒரு வழிமுறையைக் கண்டிருந்தார். ஓர் எழுத்துக்குப் பதில் ஒரு நீண்ட சரம், அந்தச் சரத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் இன்னொரு சரம், இப்படியே பெருகிக்கொண்டு போகும். கனடாவில் பணியாற்றிய புருசின்கீவிச் என்ற ஆய்வாளர் 1980-களில் அந்தச் சரங்களை ஆமையின் கையில் கொடுத்தார். ஓர் எழுத்துக்கு முன்னே போ, இன்னொன்றுக்குத் திரும்பு. அப்படிப் போட்டுக்காட்டிய படங்களில் நம் கோலமும் உண்டு, கண்ணனின் கால்சலங்கை என்று பொருள்படும் பெயரோடு. பேப்பர்ட்டின் ஆமையும் தமிழ்நாட்டு வாசலும் எனக்கு முன்பே சந்தித்துவிட்டன. இதை என் பாடப்புத்தகம் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கும், நியாயமான கேள்வி. விளையாடவிட்டால் பிள்ளை தானாகக் கற்றுவிடுமா? கற்காது. லோகோ புகழின் உச்சியில் இருந்த 1980-களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற இருவர், ஓராண்டு லோகோ படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்யும் திறனில் படித்தவர்கள் மேலாக இருக்கவில்லை என்று கண்டார்கள். லோகோவை நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. எனக்கு அது வியப்பாக இல்லை. எங்கள் கூடத்தில் அக்கா மகளைத் தனியாக விட்டிருந்தால் வில்லோடு மகிழ்ந்துவிட்டு எழுந்து போயிருப்பாள். "சரி, ஏன்?" என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. நடந்து காட்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆமையை வாங்கி வைத்துவிட்டு ஆசிரியரை நகர்த்திவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த முறையில் ஆசிரியருக்கு வேலை கூடுதல்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பேப்பர்ட்டின் வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக்கும் அவர் குழுவும் 2007-ல் ஸ்கிராட்ச் என்ற மொழியை வெளியிட்டார்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யவேண்டாம், வண்ணக் கட்டைகளை ஒன்றோடு ஒன்று மாட்டினால் போதும். இன்று பல பள்ளிகளில் அது பாடம். ஒரு வகுப்பில் நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். "முதல் கட்டையை இழுங்கள். எல்லாரும் இழுத்தாச்சா? இப்போது இரண்டாவது கட்டை." நாற்பது திரையிலும் ஒரே பூனை, ஒரே பத்து அடி, ஒரே திசையில் நடந்தது. பிள்ளைகள் கையில் இருந்தது ஸ்கிராட்ச். நடந்ததோ என் ரெக்கார்டு நோட்டு. தவறு செய்ய இடமில்லாத இடத்தில் எந்தக் கருவியும் ரெக்கார்டு நோட்டாக மாறிவிடும்.

தவறு செய்து பார்க்க இடம் தரும் ஒரு வசதி பழைய வீட்டுக் கணினிகளில் இருந்தது. திறந்தவுடன் பேசிக் மொழியின் துடிக்கும் கோடுதான் முன்னால் நிற்கும். எதையாவது எழுதினால்தான் ஏதாவது நடக்கும். கணினிக் கல்விக்காக 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினிகளும் அந்த வகைதான். நிரலுக்குள் நுழைய இருந்த அந்தக் கதவு இப்போது எங்கே என்று கேட்டு, 'ஒய் தி லக்கி ஸ்டிஃப்' என்ற புனைபெயரில் எழுதிய ஒரு நிரலாளர் 2003-ல் ஒரு கட்டுரை எழுதினார். நரிகள் பேசும் கார்ட்டூன்களை வைத்து ரூபி மொழிக்குப் பாடநூல் எழுதியவர் அவர். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் போன் அந்தப் பழைய கணினிகளைவிடப் பன்மடங்கு வல்லது. ஆனால் அதைத் திறந்தால் பார்க்கவும் வாங்கவும் ஆயிரம் இருக்கிறது, எழுது என்று கேட்பது ஒன்றும் இல்லை.

நம்மிடம் அந்தக் கதவு அடியோடு மூடிவிடவில்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தான் இருக்கிறது. பைத்தானை நிறுவினால் வழக்கமாக ஆமையும் கூடவே வந்துவிடும், தனியாக விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியும் இருக்கிறது. ஆங்கிலம் தடுக்கும் பிள்ளைக்கு அதைக் காட்டுங்கள்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். வாரத்தில் ஒரு லேப் வகுப்பை மதிப்பெண் இல்லாமல் விடுங்கள். என்ன வரைவது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். ஒருத்திக்குக் கோலம், ஒருத்தனுக்குத் தேர், இன்னொருவனுக்குக் கிரிக்கெட் மைதானம். தவறாக வந்ததை அழிக்கச் சொல்லாமல், பெயர் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வில்லுக்குப் பெயர் இருந்ததால்தான் அதை நாங்கள் மறக்கவில்லை.

அரியர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த பருவத்தில் எழுதித் தேறிவிட்டேன். கேள்வியில் வந்தது வைரவடிவம், மேலே ஏறிக் கீழே இறங்குவது. விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் முதலில் புள்ளி வைத்துக்கொண்டுதான் எழுதத் தொடங்கினேன்.

தம்பி தங்கைகளே, இங்கே கீழ்த்தளத்துக் கணினிப் பிரிவில் பைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். போகும்போது பத்து நிமிடம் உட்காருங்கள். முன்னே 100, வலம் 60, மூன்று முறை. முக்கோணம் மூடாது. அதை அழிக்காமல், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.